பிள்ளை பிடிக்கிறவரின் மகள்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'பிள்ளை பிடிக்கிறவர்' என்றுதான் சொல்வார்கள். சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கு அவரைக் கைகாட்டி, "அதோ வராரு பாரு, வாயைத் தொற" என்று பயமுறுத்துகிற அம்மாக்களும் உண்டு. மனிதர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். நான்தான் வாசலில் நின்று பல்லைக் கடிப்பேன். ஆனால் பட்டப்பெயரில் பொய் ஒன்றும் இல்லை. பிள்ளை பிடிப்பதுதான் அவர் வேலை. பெரிய சைக்கிள் பந்தய அணி ஒன்றுக்காக ஊர் ஊராகப் போவார். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் ஓட்டும் பந்தயங்களைப் பார்ப்பார். நாளைக்குத் தேறக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்து, பெற்றவர்களிடம் பேசி, அணியின் பயிற்சி விடுதியில் கொண்டுவந்து சேர்ப்பார்.

மற்றவர்கள் எல்லாம் முடிவுக்கோட்டில் முண்டியடிப்பார்கள். இவர் அந்தப் பக்கமே போகமாட்டார். ஏற்றம் முடிகிற இடமாகப் பார்த்து மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்கும்போதுதான் பிள்ளையின் உண்மையான முகம் தெரியும் என்பது அவர் கட்சி.

"ஜெயிச்சவனை எல்லாரும் பார்ப்பாங்க. நான் நாலாவதா வந்தவனைப் பார்ப்பேன்" என்று ஒருநாள் எனக்குப் பாடம் எடுத்தார். "பதினஞ்சு வயசுலயே மீசை வந்தவன் இன்னிக்கு ஜெயிப்பான். இன்னும் வளரவே ஆரம்பிக்காத பொடியன் அவன் பின்னாடியே நாலாவதா வந்தான்னா, அவன் வளர்ந்தப்புறம் என்ன ஆவான்? யோசிச்சுப் பாரு."

"மாடிப்படி லைட் எரியலைன்னு ஒரு மாசமா சொல்றேன். அதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

கெட்டிக்காரர்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பாவின் உயரத்தையும் அம்மாவின் உடல்வாகையும் கண்ணாலேயே அளந்துவிடுவார். அப்புறம் டீ வரும். டீ ஆறுவதற்குள் அந்த வீட்டு அம்மா கேட்டே தீரும் கேள்வியும் வரும். "விழுந்து கிழுந்து வெச்சா என்னங்க பண்றது?" இவர் கோப்பையைக் கீழே வைத்து, நெஞ்சில் கை வைத்து, "நான் பொறுப்பும்மா" என்பார். அந்தக் குரலுக்கு மயங்காத தாயே கிடையாது.

நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இவர் பொறுப்பேற்றுக் கூட்டிவந்த பிள்ளைகளில் பலரை நான் முதன்முதலில் பார்த்ததே எலும்பாகத்தான். பெரும்பாலும் காறை எலும்பு. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கிற அந்த மெல்லிய எலும்பு. சைக்கிளிலிருந்து விழுகிறவன் கையை ஊன்றுவான், பாரம் முழுவதும் அங்கே போய் இறங்கும். ஒரு பெண் பிள்ளைக்கு ஒரே எலும்பு மூன்றாவது தடவை உடைந்து வந்தபோது, நான் வீட்டுக்கு வந்து இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எலும்பு கூடிடும்" என்றார். அந்தப் பேச்சோடு அவர் தூங்கப் போனார். நான் தூங்கவில்லை.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அது அப்படியே பலித்தது. பலித்ததுதான் வினை.

எங்களுக்கு ஒரே மகள். பதினேழு வயதாகியும் பாப்பா. ஊர்ப் பிள்ளைகளை மலையேற்றியவர், தன் பிள்ளையைத் தெருமுனை தாண்டி சைக்கிளில் விட்டதில்லை. ஐந்து வயதில் கழற்ற வேண்டிய பக்கச் சக்கரங்களை எட்டு வயதுவரை கழற்றவில்லை. "ரோடு சரியில்லை" என்பார். ரோடு என்றைக்குத்தான் சரியாக இருந்தது? பின்னறையில் உருளைமேல் ஏற்றிவைத்த பழைய சைக்கிள் ஒன்று கிடந்தது. அவள் அதில் ஏறி, சுவரைப் பார்த்துக்கொண்டு, மணிக்கணக்கில் மிதிப்பாள். அது அவருக்கு மிகவும் பிடிக்கும். நகராத சைக்கிளில் யார் விழப்போகிறார்கள்?

பள்ளிக்கூட சைக்கிள் அணியில் சேர வேண்டும் என்று அவள் என்னிடம்தான் வந்து நின்றாள். நான்தான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். பின்னே? அப்பன் பயத்துக்குப் பிள்ளை எத்தனை வருஷம் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்? எனக்கும் பயம்தான். ஆனால் என் பயத்தை நான் என் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டேன்.

அவளுடைய முதல் பெரிய பந்தயத்தன்று முடிவுக்கோடே ஏற்றத்தின் உச்சியில் இருந்தது. மகள் ஓட்டுகிறாள் என்று தெரியாமலே இவர் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அணியின் தலைமைப் பயிற்சியாளர். அந்தம்மாவை எல்லோரும் கோச்சம்மா என்பார்கள். நானும் கொஞ்சம் தள்ளி, அவர் கண்ணில் படாமல், குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் மூன்று பெண்கள் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தார்கள். நாலாவதாக வந்தவள் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

கோச்சம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அண்ணே, யாரு அந்தப் பொண்ணு? நாலாவதா வந்தவ."

இவர் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தெரியலையேம்மா" என்றார்.

பெற்ற மகளை! அந்த நேரம் பார்த்து அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேராக வந்து, "அப்பா, தண்ணி இருக்கா?" என்று கேட்டாள். கோச்சம்மா சிரித்த சிரிப்பில் நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "என்னண்ணே, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க? அடுத்த வாரம் சோதனைக்குக் கூட்டிட்டு வாங்க." இவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பாதித் தண்ணீர் மகள் காலில் கொட்டியது.

அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். அணியின் பட்டறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறை. நடுவில் தரையோடு பிடித்துப் பொருத்திய சைக்கிள், எதிரில் பெரிய மின்விசிறி. பிள்ளை மிதிக்க மிதிக்க இவர் பாரத்தைக் கூட்டிக்கொண்டே போவார். இனி முடியாது என்று கால் நிற்கிறவரைக்கும் விடுவதில்லை. கால் எவ்வளவு பலமாக அழுத்துகிறது என்பதைப் பெடலில் இருக்கிற மீட்டர் சொல்லும். பிள்ளையின் தலையெழுத்து அந்த எண்தான். பிடித்துவந்த பிள்ளைகளை எல்லாம் சோதிப்பது இவர் பொறுப்பு; கோச்சம்மா எண்ணை மட்டும் பார்ப்பாள்.

தொடங்குமுன் பெடலில் எதுவும் படாமல் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைக்காரர் தராசுத் தட்டில் விரலை அழுத்திக்கொண்டே பூஜ்யம் வைத்தால், அப்புறம் எதை வைத்தாலும் எடை குறைத்துத்தானே காட்டும்? இதுவும் அப்படித்தான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் துண்டும் கையுமாக நின்று, மகளுக்கு வேர்க்கிற வேர்வையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் ஏற ஏற அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் கைப்பிடிமேல் தலையைச் சாய்த்துவிட்டாள்.

கோச்சம்மா எண்ணைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள். "என்னண்ணே இது? ஏத்தத்துல நான் பார்த்த பொண்ணுதானா?"

"அன்னிக்குக் காத்து சாதகமா அடிச்சுதும்மா" என்றார் இவர்.

"கால் பத்தல." கோச்சம்மா என் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆனா ஓட்டற புத்தி இருக்கு. முகாமுக்கு வரட்டும், மலையில ஒரு தடவை பார்த்துடுவோம். எடுக்கப்போறது ரெண்டே பேர், ஞாபகம் வெச்சுக்கோ."

வீட்டுக்கு வருகிற வழியில் பாப்பா தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், "என் கால் பத்தாதாப்பா?" என்று கேட்டாள்.

"அதனால என்னடா? உலகத்துல வேற வேலையா இல்ல? படிப்பைப் பாரு" என்றார். குரலில் ஒரு நிம்மதி. மகளைத் தேற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல மனிதர் என்றுகூட நினைத்தேன், கேளுங்கள்.

இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் சாப்பிடும்போது நிமிர்ந்தாள். "ஏத்தத்துல விட்டதை இறக்கத்துல புடிச்சுடலாம்மா. இறங்கறதுக்குக் கால் வேண்டாம். தைரியம் இருந்தாப் போதும்."

இவர் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

அன்றைக்குப் பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குன்று உண்டு. மேலேயிருந்து பாதை வளைந்து வளைந்து இறங்கும். காலையில் எழுந்ததும் அங்கே போய்விடுவாள். அடித்தொண்டையிலிருந்து கத்தினாலும் கேட்கமாட்டாள். என்னதான் செய்கிறாள் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். இருக்கையை விட்டு இறங்கி, சட்டத்தின்மேல் குந்தி, முகவாயை முன்சக்கரத்துக்கு நேராக நீட்டிக்கொண்டு வந்தாள். என்னைக் கடந்து போனபோது காற்றுதான் அடித்தது, ஆள் தெரியவில்லை. வளைவில் அவள் முழங்கால் ரோட்டைத் தொட்டுவிடும் போலிருந்தது. கீழே வந்து நின்று சிரித்தாள். "பிரேக்கைத் தொட்டா தோத்தோம்மா. அவ்ளோதான் கணக்கு."

நானாவது வேலைக்குப் போய்வந்தேன். இவர் பாதி ஆளாகிப் போனார். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஃபோன் அடித்தால் தூக்கிவாரிப் போடும். அவள் சைக்கிளின் பிரேக் கட்டைகளைத் தினமும் கழற்றிக் கழற்றிப் பார்ப்பார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "வேண்டாம் பாப்பா, விட்டுடு" என்று கெஞ்சினார்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கு எல்லாம் நீங்கதானேப்பா தைரியம் சொல்வீங்க?" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும் என்று எனக்குள் முனகிக்கொண்டேன். விஷயம் அதைவிடப் பெரிது என்று எனக்கு அப்போது தெரியாது.

முகாம் தொடங்குவதற்கு முந்தின நாள் அவள் விழுந்தாள். நான் வேலையில் இருந்தேன். அடுத்தது யார் என்று நிமிர்ந்தால், சிராய்த்த முகத்தோடு என் மகள், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினம் எத்தனை கையைத் தட்டில் வைத்துப் படம் எடுக்கிறேன்! அந்தக் கையை நேராக வைக்க மட்டும் எனக்குத் தெரியவில்லை. கூட வேலை செய்கிறவள் வந்துதான் எடுத்துக் கொடுத்தாள். நல்லவேளை, முறிவு இல்லை. வெறும் வீக்கம்.

அதைச் சொல்ல வெளியே வந்தேன். அவளைக் கூட்டிவந்த இவர் நடைவழிச் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்திருந்தார்.

"முறியலைங்க. எழுந்திருங்க" என்றேன்.

"அவ கால் பத்தும்" என்றார்.

"என்ன உளர்றீங்க?"

"பத்தும்னு சொல்றேன். நான் இத்தனை வருஷத்துல பார்த்த கால்லயே அதுதான் நல்ல கால். மீட்டரைப் பூஜ்யம் வெக்கும்போது பெடலைக் கையால அழுத்திக்கிட்டே வெச்சேன். எண்ணைக் குறைச்சது நான்தான்."

எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் வந்ததே ஒரு ஆத்திரம்! நோயாளிகள் எல்லாம் பார்க்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. "அறிவிருக்கா உங்களுக்கு? கால் பத்தலைன்னு நம்பித்தானே அவ அந்த மலையில உயிரை விட்டுக்கிட்டு இறங்கறா? விழக்கூடாதுன்னு நெனச்சு நீங்களே தள்ளி விட்டிருக்கீங்களே!"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அதோட முடிஞ்சுடும்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

"இப்பவே உள்ள போய் அவகிட்ட சொல்லுங்க."

"சொன்னா கண்டிப்பா எடுத்துடுவாங்க. எடுத்தா ஆயுசு முழுக்க இறங்குவா." அழுதுவிடுவார் போலிருந்தது. "பயமா இருக்கு. எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு உனக்குத் தெரியாது. பிள்ளைங்களுக்குப் பின்னால போற கடைசிக் காரை நான்தானே ஓட்டறேன்? ரோட்டுல கிடக்கிற பிள்ளைங்களை முதல்ல பார்க்கிறது நான்தானே?"

அந்த ஒரு நொடி எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது உண்மை. ஆனால் விடவில்லை. முகாமுக்குப் போனதும் தன் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். "சொல்லலைன்னா நானே கோச்சம்மா முன்னாடி வந்து சொல்வேன்" என்றேன். மறுநாள் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். முகாமில் பிள்ளைகளுக்கு ஃபோன் கிடையாது. இவர் மட்டும் பேசுவார். "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "ம், சொல்லிட்டேன்" என்றார். நம்பினேன்.

கடைசி நாள் பெற்றோர்கள் வரலாம். எங்கள் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, பெண்கள் ஏழெட்டுப் பேர் மலையடிவாரத்தில் வரிசையாக நின்றார்கள். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். அதை வைத்து இரண்டு பேரை எடுப்பார்கள். ஓடிப்போய் மகள் தோளைத் தொட்டேன். "அப்பா சொன்னதைக் கேட்டதும் கோவமா பாப்பா?"

"என்ன சொன்னாரு?" என்றாள்.

விசில் ஊதிவிட்டது. அவள் போய்விட்டாள்.

உதிரிச் சக்கரங்களோடு பின்னால் போகிற காரில் இவர் ஏறிக்கொண்டிருந்தார். யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்து நானும் ஏறினேன். மடியில் ஒரு சக்கரம், பக்கத்தில் இரண்டு சக்கரம். கார் நகர்ந்ததும் ஆரம்பித்தேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுதமுடியாது. இவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார். கோச்சம்மா கார் முன்னால், நாங்கள் கடைசியில், நடுவில் பிள்ளைகள். எல்லாப் பிள்ளைகளின் காதிலும் சின்ன ரேடியோ உண்டு. இந்தக் காரில் பேசினாலும் அந்தக் காரில் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

ஏற்றம் செங்குத்தானது. ஒவ்வொருத்தியாகப் பின்தங்கினார்கள்; இவர் அவர்களைத் தாண்டி, மகள் பின்னாலேயே காரை விட்டார். நான்கு பேர் மிஞ்சினார்கள், நாலாவது என் மகள். முன்னால் போன மூன்று பேருக்கும் தோள் ஆடியது. இவள் அசையாமல் அவர்கள் பின்னாலேயே போனாள்.

"பாரு, வாயைக்கூடத் திறக்கல" என்றார் இவர், தன்னை மறந்து. அத்தனை பயத்திலும் அவருக்கு அந்தப் பெருமை. உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கால் இல்லைன்னு நெனச்சு மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கா. இறக்கத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கா."

"எடுங்க அந்த ரேடியோவை."

"எல்லாருக்கும் கேட்கும்மா. என் வேலை..."

"உங்க வேலையில இடி விழ! எடுங்க!"

எடுத்தார். பொத்தானை அழுத்தினார். அப்புறம் பேசினார். அந்த மயக்குகிற குரல் எங்கே போயிற்றோ, கிழவன் குரல் மாதிரி வந்தது. "பாப்பா... அப்பா பேசறேன். உன் கால் பத்தும்டா. அந்த எண்ணு பொய். நான்தான் மீட்டரை அழுத்திக் குறைச்சு வெச்சேன். நீ போயிடுவியோன்னு பயந்து... எனக்கு ரொம்பப் பயமா இருக்குடா. இறக்கத்துல ஒண்ணும் புடிக்க வேண்டாம். இங்கேயே போயிடு. இங்கேயே எல்லாரையும் விட்டுட்டுப் போயிடு."

"அண்ணே, என்ன பேசறீங்க நீங்க?" என்று கோச்சம்மாவின் குரல் வந்தது. இவர் ரேடியோவை மடியில் போட்டுக்கொண்டார்.

பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் அப்படியே போனாள். பிறகு இருக்கையை விட்டு எழுந்தாள். ஐயோ, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த மூன்று பேரும் நின்றுவிட்டார்களோ என்று தோன்றியது. வளைவு திரும்புவதற்குள் அவள் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். மலை உச்சியில் அவள்தான் முதலில் ஏறினாள். பின்னால் ஒரு காக்காய் குருவி இல்லை. நான் சக்கரத்தை விட்டுவிட்டுக் கையைத் தட்டினேன். இவருக்குக் கண்ணில் தண்ணீர். "நல்லா இருக்குல்ல? நல்லா இருக்குல்ல?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார்.

உச்சியைத் தாண்டியதும் இறக்கம்.

இறக்கத்தில் சைக்கிள் போகிற வேகத்துக்குக் கார் வளைய முடியாது. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளைகள் எங்களைவிட்டு விலகிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ரோடு காலியாகிவிட்டது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் இடுப்பளவுகூட இல்லாத தடுப்பு, அதற்கப்பால் பள்ளம். இவர் ரோட்டைப் பார்க்க, நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மகள் போட்டிருந்த மஞ்சள் சட்டை அந்தப் பள்ளத்தில் எங்கேயும் தெரியக்கூடாது என்று கடவுளை வேண்டிக்கொண்டேன். தூரத்தில் ஒரு மஞ்சள் பூச்செடி தெரிந்தது. கத்திவிட்டேன். இவரும் கத்தினார். பூ என்று தெரிந்த பிறகும் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வரவில்லை.

அடுத்த வளைவில் ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு. டயர் தேய்ந்த கோடு. ரோட்டின் நடுவிலிருந்து வளைந்து, தடுப்பை நோக்கிப் போய், தடுப்புக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றிருந்தது. ஆள் இல்லை, சைக்கிள் இல்லை. இவர் காரை நிறுத்தவும் முடியாமல் ஓட்டவும் முடியாமல் அப்படியே உருளவிட்டார். "போய்ப் பாரு, நீ போய்ப் பாரு, என்னால முடியாது" என்றார். கார் தானாகவே அந்த வளைவைத் திரும்பியது.

ரோட்டோரமாக, பாறையை ஒட்டினாற்போல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாப்பா நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

இறங்கி ஓடினேன். முகத்தைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், தோள் எலும்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. உடம்பு மட்டும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"விழுந்தியாடி?"

"இல்லம்மா."

"பின்னே ஏன் நடக்கிறே?"

"பிரேக்கை விட முடியலம்மா." சைக்கிளைப் பாறையில் சாய்த்தாள். "முதல் ரெண்டு வளைவு நல்லாத்தான் வந்தேன். அப்பா குரல் காதுக்குள்ளேயே இருந்துச்சு. எத்தனை வருஷமா இந்த மலையைப் பார்க்கிறாரு, அவரே இவ்ளோ பயப்படறாருன்னா இங்க ஏதோ இருக்குன்னு தோணிச்சு. கீழே பார்த்துட்டேன்." தடுப்பைக் கைகாட்டினாள். "இத்தனை நாள் பார்த்ததே இல்லம்மா."

இவர் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்து, சத்தம் போட்டு அழுதார். சந்தோஷத்தில் அழுதார். மகள் முழுசாக இருக்கிறாள் அல்லவா? அவரைக் கடந்து, முதலில் பின்தங்கிய பெண்கள்கூட ஒவ்வொருத்தியாக விர்ரென்று இறங்கிப் போனார்கள்.

கீழே கோச்சம்மா காத்துக்கொண்டிருந்தாள். இவரிடம் நீளமாக ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டினாள். இவர் கார்ச் சாவியையும் ரேடியோவையும் அதில் வைத்தார். "உங்களை நம்பி எத்தனை பிள்ளைங்களைச் சேர்த்தோம். இனிமே அந்த எண் எல்லாத்தையும் திரும்பப் பார்க்கணும்" என்றாள்.

அப்புறம் பாப்பாவிடம் வந்தாள். "இந்தக் காலுக்கு நான் தவம் கெடக்கணும். ஏத்தத்துல இன்னிக்கு நீ போன மாதிரி இங்க ஒருத்தியும் போனதில்ல. ஆனா இறங்காத காலை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்ண? பயம் போச்சுன்னா வா."

"எப்படிப் போகும்?" என்று பாப்பா கேட்டாள். கோச்சம்மா அவள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

தேர்வான இரண்டு பெண்களில் ஒருத்தியின் அம்மா, சம்மதப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கோச்சம்மாவோடு முன் காரில் வந்தவள். ரேடியோவில் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இவருக்கு எதிரில் வந்து நின்றாள். "உங்க பொண்ணுக்கு வேண்டாம்னு நெனச்சதை எங்க வீட்டுக்கு வந்து நல்லதுன்னு எப்படிங்க சொன்னீங்க?"

இவர் நெஞ்சுக்குக் கொண்டுபோன கையைக் கீழே இறக்கினார். அந்தம்மா கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் அங்கே நிற்கவில்லை.

எங்கள் சின்னக் காரில் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நான் ஓட்டுகிறேன் என்றேன், இவர் கேட்கவில்லை. நான் அவர் பக்கத்தில், பாப்பா பின்னால். அவளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இவர் மட்டும் கண்ணாடியில் அடிக்கடி பார்த்தார். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் முகத்தில் ஒரு நிறைவு வந்து வந்து போயிற்று. வேலை போனது, மானம் போனது, எதுவும் அவருக்கு உறைக்கவில்லை. பிள்ளை பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், அது போதும் அவருக்கு.

ஊருக்குள் நுழைந்ததும் ஒரு மேம்பாலம். ஏறினோம். இறங்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து என் இருக்கையின் விளிம்பைப் பிடித்தது.

"அப்பா, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றாள் பாப்பா.

திரும்பினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கார் ஏற்கெனவே நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

"சரிடா" என்றார் இவர். கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அந்த நிறைவு அவர் முகத்தில் வரவில்லை. இன்னும் மெதுவாக்கினார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்துத் தள்ளினான்.

"இன்னும் மெதுவாப்பா" என்றாள்.